திரும்பி வருவதற்கான காரணம்

1

நான் வசிக்கும் நாட்டின் பெயரை இந்தக் குறிப்பில் எழுதப்போவதில்லை. அதன் விசா அலுவலகத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைக்கே மறுபடியும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியவன் நான். ஐரோப்பாவில் ஒரு நாடு, ஆறு மாதம் குளிர், மீதி ஆறு மாதம் குளிரைப் பற்றிய பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. இந்த ஊர் பாஷையில் காய்கறி வாங்குவேன், டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வேன், வரிப் படிவம் நிரப்புவேன். சண்டை போட மட்டும் வராது. சண்டை போடத் தெரியாத பாஷையில் ஒரு மனிதன் எவ்வளவு தங்கமானவனாகத் தெரிவான் என்பதற்கு என் பக்கத்து வீட்டுக்காரர்களே சாட்சி.

இந்த வருடம் செப்டம்பரில் என் மகள் நிலாவுக்குக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை இந்த நாட்டுக்காரர். நல்ல பையன். சாம்பாரைக் கிண்ணத்தில் வாங்கிக் கரண்டியால் குடிப்பார்; நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கல்யாணத்தை எங்கே நடத்துவது, எப்படி நடத்துவது என்பதில் எங்களிடம் யாரும் கலந்துபேசவில்லை. நிலா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"அத்தை வரணும்ப்பா."

அத்தை என்றால் என் அக்கா செண்பகம். ஐம்பத்தெட்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மம்சாபுரத்தில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதாவது, நாங்கள் செய்துவைக்கவில்லை. அத்தையும் மருமகளும் வாராவாரம் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். நிலா தமிழை என்னிடமிருந்து கற்கவில்லை. என் தமிழ் அச்சுக்கு ஏற்றது, வீட்டு உபயோகத்துக்கு ஆகாது என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அத்தையிடம் கற்றாள். எங்கள் ஊர் ரயில் நிலையத்தில், நீளக் கோட்டும் கழுத்துத் துணியுமாக நின்றுகொண்டு அவள், "செத்த நேரம் நில்லுங்கப்பா, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போகும்போது எனக்குத் தலை சுற்றும்.

2

விசா விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் சரி. 'தற்போதைய தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டேன். 'சொந்த வருமானம்' என்ற கட்டத்திலும் 'இல்லை'. 'சொத்து' என்ற கட்டத்திலும் அதே. மம்சாபுரத்தில் அவள் இருக்கும் மாடிவீடு என் பெயரில் இருக்கிறது. தரைக்கு கிரானைட், மேலே கம்பிக் கதவு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான் போய்ப் பதினெட்டு நாள் தங்குவதற்கு ஒரு ஏசி அறை. மீதி நாளெல்லாம் அதைப் பெருக்கித் துடைத்துப் பூட்டிவைப்பது அக்கா.

போனில் அவளை வைத்துக்கொண்டுதான் நிரப்பினேன்.

"என்னலே, சத்தத்தையே காணோம்? என்ன எழுதுத?"

"வேலைன்னு கேட்டிருக்கான் அக்கா. வீட்ல இருக்கேன்னு போட்டுட்டேன்."

"நான் பேண்டேஜ் கம்பெனியில இருந்தத எழுதலாம்லா?"

"அது பழைய கதைக்கா. அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

கேட்டிருந்தார்கள். அடுத்த கட்டமே அதுதான். 'இதற்கு முன் பார்த்த வேலைகள், வகித்த பொறுப்பு, காலம்.' ஐந்து வரி இடமும் விட்டிருந்தார்கள். அந்த ஐந்து வரியையும் வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

என் அக்கா அந்த ஐந்து வரியையும் நிரப்பி ஓரத்திலும் எழுதக்கூடிய அளவுக்கு வேலை பார்த்தவள். நான் ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பே.

3

எங்கள் அப்பா பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். நாலு ஏக்கர் நிலமும், ஒரு கிணறும், கம்பளி உடுப்பில் எடுத்த போட்டோவும் உண்டு. கிணறு வற்றியது. போட்டோ மட்டும் வற்றாமல் சுவரில் இருந்தது. பென்ஷன் வந்த வாரம் நாங்கள் நிலக்கிழார்கள். மற்ற மூன்று வாரமும் கடையில் கடன் சொல்லி வாங்குகிறவர்கள்.

அக்கா பத்தாவது முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். பதினெட்டாவது வயதில் இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி வேனில் ஏறினாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. முதல் சம்பளம் வந்தபின் பேசினார். ஆனால் ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் அவர் சொன்ன பதில்:

"மக டைலரிங் படிக்கா."

இதில் அப்பாவைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. காலையில் அந்த வேன் எங்கள் தெருவில் மட்டும் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அத்தனை வீட்டிலும் அதே பதில்தான். பதினோரு பெண்கள் வருடக்கணக்காக டைலரிங் படித்தார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு ஜாக்கெட் தைத்து யாரும் பார்த்ததில்லை. யாரும் யாரையும் கேட்டதும் இல்லை. சாயங்காலம் வேன் தெருமுனையில் நின்றதும் எல்லோரும் இறங்கி, ஒருத்தி தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை இன்னொருத்தி எடுத்துவிட்டு, முந்தானையை உதறிவிட்டு, அதற்குப் பிறகுதான் தெருவுக்குள் வருவார்கள்.

நான் அப்போது விருதுநகர் பக்கம் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். கட்டணம், சாப்பாடு, பேருந்துச் செலவு, கூடவே நான் பெருமையோடு வாங்கிப் படித்த மொழிபெயர்ப்பு நாவல்கள் எல்லாம் அந்த டைலரிங் வகுப்பின் வரும்படி. கதாநாயகன் கையில் நாவலும் வயிற்றில் பசியுமாக இருப்பான் என்று படித்திருந்தேன். என் கையில் நாவல் இருந்தது. பசியை வீட்டில் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேலையைக் கேலி செய்தேன். "துணிய மடிக்கிறதுக்கு ஒரு கம்பெனியாக்கா?"

அவள் கோபப்படவில்லை. புண்ணில் வைத்துக் கட்டும் காஜ் துணியில் ஒரு துண்டை எடுத்து மடித்துக் காட்டினாள். வெட்டிய ஓரம் நாலும் உள்ளே போய், எந்தப் பக்கம் பார்த்தாலும் மடிப்பு மட்டும் தெரிந்தது.

"ஒரு நூலு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாலும் தள்ளிருவோம். ஆப்பரேஷன் பண்ணுத எடத்துல உள்ள கெடந்துட்டா அவன் பொழைப்பானா? நீ கட்டுத பாலம் இடிஞ்சா பேப்பர்ல வரும். நான் மடிக்கிறது இடிஞ்சா யாருக்கும் தெரியாது, செத்தவனுக்குக்கூட."

நான் படிக்கும் காலத்திலேயே அவள் மடிப்பு மேசையிலிருந்து செக்கிங் மேசைக்குப் போனாள். இருபத்தாறு வயதில் சூப்பர்வைசர். நாற்பது பெண்கள் அவள் கீழே. வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரிகளை ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறவள் அவள். பி.எஃப். பிடித்தார்கள். தீபாவளிக்குப் போனஸ் வாங்கி எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தாள். வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு அடிக்கடி எழும், ஏதாவது ஒரு காரணத்தால் அமரும். அந்தக் காரணம் என் கடைசி வருடக் கட்டணம் என்பதை நான் பிற்பாடு கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போதைக்குத் தெரியாமல் இருப்பது வசதியாக இருந்தது.

4

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் மேலே வந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வீட்டுக்கு மாடி எடுப்பது. இன்னொன்று, வேலைக்குப் போகும் பெண்ணை நிறுத்துவது. மாடிக்குச் செலவாகும். இரண்டாவதற்குச் செலவே இல்லை என்று நினைத்திருந்தேன்.

வெளிநாட்டு வேலை கிடைத்து ஒரு வருடம் முடிந்து முதல் விடுமுறைக்கு வந்திருந்தேன். எனக்குப் பெண் பார்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தலைமையாசிரியரின் மகள், மீனா. எல்லாம் பிடித்துப்போனது. தரகர் மட்டும் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"மாப்பிள்ளையோட அக்கா கம்பெனிக்குப் போறதா அவியளுக்குக் காதுல விழுந்திருக்கு. தப்பா ஒண்ணும் சொல்லல. வாத்தியார் குடும்பம் பாருங்க... நாளப்பின்ன நாலு பேர் கேப்பாக."

அன்று சாயங்காலம் அக்கா வேனில் இறங்கி வந்ததும் சொன்னேன்.

"அக்கா, இனிமே நீ வேலைக்குப் போக வேண்டாம்."

"எதுக்குலே?"

"நான் இருக்கேம்லா. நீ எதுக்குக் கஷ்டப்படணும்?"

"நான் கஷ்டப்படுதேன்னு ஒன்ட்ட சொன்னேனா?"

அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "டிசம்பர்ல புது யூனிட் தொறக்காங்க. என்னை இன்சார்ஜா போடுதேன்னு மொதலாளி சொல்லியிருக்காரு," என்றாள்.

"சொல்லுவாங்கக்கா," என்றேன். ஒரு வருட ஐரோப்பிய அனுபவத்தில் எனக்கு முதலாளித்துவத்தைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

ராஜினாமாக் கடிதத்தையும் நானே எழுதினேன். ஆங்கிலத்தில். குடும்பச் சூழ்நிலை காரணமாக, மிகுந்த வருத்தத்தோடு, இத்தனை ஆண்டுகள் அளித்த வாய்ப்புக்கு நன்றியோடு என்று மூன்று பத்திகள். அரைப்புள்ளி எல்லாம் போட்டு எழுதினேன். நான் எழுதியவற்றில் உடனே பலன் கொடுத்தது அது ஒன்றுதான். அக்கா அதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். நாற்பது பெண்களின் வேலையை நூல் நூலாகச் சரிபார்க்கிறவள், அதை மட்டும் படிக்கவில்லை. கையில் இருந்த சரக்கு முடியும்வரை பதினோரு நாள் போய்விட்டு நின்றுகொண்டாள்.

என் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டது அவள்தான். முடிச்சு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆறேழு வருடம் கழித்து அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் போனில் கேட்டாள்: "வீட்ல சும்மாதானலே இருக்கேன். மறுபடியும் கம்பெனிக்குப் போகட்டா? கூப்புடுதாக."

"தம்பி வெளிநாட்ல இருக்கான், அக்கா வேன் ஏறிப் போறான்னா ஊர் என்னக்கா நெனைக்கும்? மாசாமாசம் நான் அனுப்புறது பத்தலையா?"

"அது சம்பளம் இல்லலே," என்றாள். "சம்பளம்னா நான் கேட்டு வாங்குவேன்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. டிசம்பரில் திறந்த அந்தப் புது யூனிட்டுக்கு மாரியம்மா என்ற பெண் இன்சார்ஜ் ஆனாள். அக்கா கைபிடித்து வேலை பழக்கியவள். சமீபத்தில் ஓய்வு பெற்று, இராஜபாளையத்தில் வீடு கட்டியிருக்கிறாள். புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு வந்து அக்கா என்னிடம் சொன்ன தகவல் ஒன்றுதான்: "வீடு அவ பேருலயே இருக்காம்."

5

இங்கே என் கதை வேறு மாதிரிப் போனது. நாற்பத்தைந்து வயதில் எங்கள் நிறுவனம் எங்கள் பிரிவை மூடியது. பாலங்களை வேறு நாட்டில் மலிவாக வரைகிறார்களாம். வேறு நாடு எது என்று விசாரித்தால் நம் நாடுதான். இப்போது நான் நகராட்சி நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் அரைநாள் வேலையில் இருக்கிறேன். அடுக்குவதைவிட அதிகமாகப் படிக்கிறேன் என்று ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியிருக்கிறேன். ஊரில் நான் இன்றைக்கும் இன்ஜினியர்தான்.

வீட்டுக் கடனைக் கட்டி, நிலாவைப் படிக்கவைத்து, மம்சாபுரத்துக்கும் பணம் அனுப்பியது மீனாவின் சம்பளம். முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் ஆறு மணிக்கே போய், எழுந்திருக்க முடியாத வெள்ளைக்காரப் பெரியவர்களைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வருவாள். தலைமையாசிரியர் மாமனார் கடைசிவரை ஊரில் சொன்னது: "மக ஹெல்த் டிபார்ட்மென்ட்ல ஆபீசர்."

மீனா மறுத்ததில்லை. நானும்தான். இரண்டு பெண்கள் சம்பாதித்த காசில் நான் படித்து, பிழைத்து, ஊரில் பேர் எடுத்தேன். அந்த இரண்டு பேரின் வேலையையும் வெளியில் சொல்லாமல் பார்த்துக்கொண்டதுதான் குடும்பத்துக்கு நான் செய்த சேவை.

6

மார்ச்சில் விசா அலுவலகத்திலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. அவள் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் பேருந்தில் இருந்தேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். முதல் பத்தியைத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். எங்கள் நாட்டின் மீது நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி, உங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம் என்றெல்லாம் இருந்தது. இவ்வளவு மரியாதையாக நம்மிடம் யாரும் பேசினால் நல்ல சேதி என்றுதானே நமக்குப் பழக்கம்? உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"கெடைச்சிட்டுக்கா!"

"நெசமாவாலே?" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்று மத்தியானமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நிலாவுக்குப் பட்டுச்சேலை எடுத்துவிட்டாள். அரக்கும் பச்சையும். எதிர்வீடு, பக்கத்து வீடு, பால்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். "அங்க குளிருமாம்லா, ஸ்வெட்டரு யாருட்டயாவது இருக்கா?" என்று தெருவெல்லாம் விசாரித்திருக்கிறாள்.

சாயங்காலம் நிலா வேலையிலிருந்து வந்து கடிதத்தை முழுதும் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது ரிஜெக்ட் லெட்டர்."

இரண்டாவது பக்கத்தில் இருந்ததை அவளே தமிழில் சொன்னாள். விண்ணப்பதாரருக்குத் தம் நாட்டில் வேலை இல்லை. சொந்த வருமானம் இல்லை. அவர் பெயரில் சொத்து இல்லை. கணவரோ பிள்ளைகளோ இல்லை. அவரைத் தாங்குகிற ஒரே உறவினர் எங்கள் நாட்டில் இருக்கிறார். ஆகவே அவர் திரும்பிச் செல்வார் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை.

என் அக்காவை ஒருநாளும் பார்த்திராத ஓர் அதிகாரி, அவள் வாழ்க்கையை ஐந்து வாக்கியத்தில் எழுதிவிட்டார். ஐந்தில் நான்கை ஏற்பாடு செய்தவன் நான்.

நிலா விண்ணப்பத்தின் நகலைத் தேடி எடுத்தாள். வெறுமையாக இருந்த ஐந்து வரியில் விரலை வைத்தாள்.

"அத்தை பதிமூணு வருசம் வேல பாத்தாகல்ல? சூப்பர்வைசரா இருந்தாகல்ல? எங்கிட்ட எத்தன கத சொல்லியிருக்காக. இத ஏன் எழுதல?"

நான் ஏதோ சொன்னேன். பழைய வேலை, கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்று. எழுதியிருந்தால் விசா கிடைத்திருக்கும் என்று இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் நிலா கேட்டது விசாவைப் பற்றி அல்ல.

"நீங்க வெக்கப்பட்டீங்களாப்பா?"

மீனா சமையலறையிலிருந்து கைத்துண்டோடு வந்து நின்றாள். அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது.

"மதினி வேலைக்குப் போறத எங்க அப்பா கேட்டாருன்னா, அவங்கள நிறுத்த நீங்க ஏன் சரின்னீங்க?"

"உன்னைப் பிடிச்சிருந்தது மீனா. அதான்."

"அப்போ மதினியப் புடிக்கலையா?"

இருபத்தெட்டு வருடத்தில் நான் எத்தனையோ நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். எனக்கு உடனே பதில் வந்துவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அன்றைக்கு விண்ணப்ப நகலை மடித்து உறைக்குள் வைத்தேன்.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். "சரி விடு. சேலைய எடுத்தாச்சு, பார்சல்ல அனுப்பிருதேன்," என்றாள். பிறகு, "பால்காரன்ட்ட வேற சொல்லிட்டேனேலே," என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

7

மதுரையில் ஒரு விசா ஏஜெண்ட்டைப் பிடித்தேன். அவர் ரொம்பத் தெளிவாக இருந்தார். "சார், அம்மா ஏதாவது கம்பெனில வேல பாக்குறாங்கன்னு ஒரு லெட்டர், மூணு மாச சம்பளச் சீட்டு. அவ்வளவுதான் சார். தெரிஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்கல்ல?"

இருந்தான். காதர் என் பள்ளித் தோழன். இராஜபாளையத்தில் முப்பது பேரை வைத்துச் சின்னதாக பேண்டேஜ் யூனிட் நடத்துகிறான். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கென்ன மாப்ள, அடிச்சுக் குடுத்திருவோம். அக்காவ வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போகச் சொல்லு," என்றான்.

அக்காவிடம் வீட்டையும் அவள் பெயருக்கு எழுதிவைக்கிறேன் என்று சொன்னேன். சிரித்தாள்.

"இதச் சொல்ல ஒனக்கு இம்புட்டு வருசம் ஆயிருக்கு. அதுவும் வெள்ளக்காரன் கேட்டதுனால."

ஏப்ரலில் ஒருநாள் அவள் டவுன் பஸ் ஏறி காதரின் யூனிட்டுக்குப் போனாள். மறுநாள் காதர் கூப்பிட்டான்.

"மாப்ள, ஒங்க அக்கா லெட்டர வாங்கலப்பா."

"ஏன், எழுத்துல ஏதும் தப்பா?"

"தப்பு ஒண்ணுமில்ல. 'நான் இங்க வேல பாக்கலையே பாய், பாக்காத வேலைக்கு எதுக்கு லெட்டரு?'ன்னு கேட்டாக. நான் என்னத்தச் சொல்ல? பொறவு மடிக்கிற மேசையவே பாத்துக்கிட்டு நின்னாக. 'ஆள் பத்தலையோ?'ன்னாக. பத்தலதான்க்கான்னேன். உக்காந்துட்டாக."

"உக்காந்துட்டாங்கன்னா?"

"உக்காந்துட்டாக மாப்ள. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல."

அப்படித்தான் அவள் ஐம்பத்தெட்டாவது வயதில் முதல் நாள் பார்த்த வேலைக்கே திரும்பினாள். சூப்பர்வைசராக அல்ல. மடிக்கிற மேசையில், துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு. முதல் மாதம் வீடியோவில் கையைக் காட்டினாள். விரல் கணுவெல்லாம் வீங்கியிருந்தது.

"பக்கத்துல இருக்க புள்ளைக்கு இருபத்திரண்டு வயசு. 'ஆச்சி, வேகமா மடிங்க'ங்கா. நான் இந்த வேலைய எத்தன பேருக்குப் பழக்கிவிட்டிருப்பேன்! இவ எனக்குச் சொல்லிக் குடுக்கா." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். நிலாவும் சிரித்தாள். நான் திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அவள் விசாவுக்காகத்தான் இவ்வளவு சிரமப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "மூணு மாசந்தான்க்கா, பல்லக் கடிச்சிட்டு இரு," என்று ஒவ்வொரு வாரமும் தைரியம் சொன்னேன். அவள் பதிலுக்கு, சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது, புது மிஷின் எப்படிச் சத்தம் போடுகிறது, வேனில் வரும் பெண்கள் யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று சொல்லுவாள். இப்போதெல்லாம் யாரும் டைலரிங் படிப்பதாகச் சொல்வதில்லையாம். கம்பெனிக்குப் போகிறேன் என்றே சொல்கிறார்களாம்.

8

ஜூலையில் மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை நிலா நிரப்பினாள். ஐந்து வரியும் போதாமல் தனித்தாள் இணைத்தாள். சம்பளச் சீட்டு மூன்றும் நிஜமான சீட்டு. ஆகஸ்டில் பதில் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, நிலாவையும் படிக்கவைத்துவிட்டுத்தான் அக்காவைக் கூப்பிட்டேன். நான்கு வாரத்துக்கு விசா. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து இறங்கலாம்.

அப்போது எனக்கு நூலகத்தில் மதிய இடைவேளை. அவளுக்குச் சாயங்கால டீ நேரம். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

"டிக்கெட் போடட்டாக்கா?"

"நில்லு. நேத்து நிலா சொன்னதுமே பாய்ட்ட கேட்டேன். நாலு வாரம் எடத்தக் காலியா வைக்க முடியாதுக்கான்னுட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல, ஏற்றுமதிச் சரக்கு நிக்கி. போன வாரந்தான் என்னைச் செக்கிங் மேசைக்கு மாத்தியிருக்காக."

"காதர்ட்ட நான் பேசுதேன்."

"நீ பேசாத. நீ யாருட்டயும் பேசாத." குரல் உயரவில்லை. "இந்த வயசுல ஒருவாட்டி எடம் குடுத்திருக்காக. ரெண்டாவதுவாட்டி குடுக்க மாட்டாக."

"அக்கா, நிலா கல்யாணம்க்கா. வேலையா பெருசு? உனக்கு எதுக்கு இந்த வேல? இதுக்காகத்தான சேந்த..."

"இதுக்காகத்தான் சேந்தேன்னு யாருலே சொன்னா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நிலாட்ட நேத்தே சொல்லிட்டேன். அழுதா. பொறவு, 'நீங்க வர வேண்டாம் அத்தை, நாங்க ரெண்டு பேரும் அங்க வந்து ஒங்கட்ட ஆசீர்வாதம் வாங்கிக்கிடுதோம்'னா. அவளுக்குப் புரிஞ்சிட்டு." மூச்சை இழுத்துவிட்டாள். "எனக்கு மட்டும் ஆசை இல்லையாலே? அவ தல குனிஞ்சு உக்காந்திருக்கத ஒருதரம் கண்ணால பாத்திரணும்னுதான் இருந்துச்சு. ஆனா ஒங் கல்யாணத்துக்காக ஒருதரம் இந்த எடத்த விட்டு எந்திரிச்சேன். ஒம் மக கல்யாணத்துக்காக மறுபடி எந்திரிக்கச் சொல்லாத."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். நூலகத்தில் நாற்பதாயிரம் புத்தகம் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை எந்தத் தொனியில் சொல்வது என்று எதிலும் படித்த ஞாபகம் இல்லை. "அக்கா..." என்று மட்டும் வந்தது.

அந்தப் பக்கம் மணி அடித்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ ஒரு பெண், "ஆச்சி, வாங்க" என்று கூப்பிடுவது எல்லாம் கேட்டது.

"சரிலே, வேலைக்கு நேரமாயிட்டு. வச்சிருதேன்."

வைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் முதலில் போனை வைத்தது அன்றைக்குத்தான். எப்போதும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான்தான் வைப்பேன். அவள் அந்தப் பக்கம் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே இருப்பாள் போலிருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது.